ஐம்பத்து நாலு வெள்ளைச் சதுரங்கள்

கணக்குப் பிழைக்காத என் மகனுக்கு,

எனக்குக் கோபம். இதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் என் கோபத்தை நம்புகிற ஆள் ஒருவரும் கிடையாது. நான் முகத்தைச் சுருக்கினால் உன் அம்மா சிரிப்பாள். குரலை உயர்த்தினால் இன்றைக்கு என்ன பகிடி என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்து நிற்பார்கள். வயது வந்த நாளில் இருந்து ஊரெல்லாம் பகிடி விட்டுத் திரிந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது. நேற்று உனக்குப் போன் எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பகிடியும் கலக்காமல் மூன்று வசனம் பேசினேன். உனக்கு அது பிடிபடவே இல்லை. "அப்பா, பகிடியை விடுங்கோ, நான் சைற்றில நிக்கிறன், பின்னேரம் எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். பின்னேரம் வந்தது, போனது. உன் போன் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் என் குரல் கேட்காது, சிரிப்பு வராது, நீயும் இடையில் வைத்துவிட்டு ஓட ஏலாது.

இன்று போயா, பௌர்ணமி லீவு, வேலை இல்லை. குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். உன் அம்மா மீன் வெட்டிக்கொண்டே என் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறாள். நான் ஐந்தாம் வகுப்பு, அவள் எட்டாம் வகுப்பு. அந்த மூன்று வகுப்பு வித்தியாசத்தைக் கலியாணம் முடித்த நாளில் இருந்து சொல்லிக்காட்டுகிறவள், இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் தாள் தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். உன் அறையில் இருக்கிற கூட்டாளிகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மறைக்காதே. அவர்களுக்கும் கலியாண வயதுதான். எவனாவது இதை எடுத்துப் பேப்பரில் போட்டாலும் எனக்குச் சம்மதம், பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்.

போன சனிக்கிழமை ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் குளியலறைக்குள் முழங்காலில் நின்றுகொண்டு இருந்தேன். உன் அப்பன் தரைக்கு டைல்ஸ் மாபிள் பதிக்கிற மேசன் பாஸ் என்பதைக் கொழும்புக் காற்று உனக்கு மறக்கடித்திருக்கலாம், அதனால் சொல்கிறேன்: எங்கள் தொழிலில் ஆள் எழும்பி நிற்பது சாப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் மட்டும்தான். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் உன் மாமனாராகப் போகிறவர், சல்லி ஊர்த் தவராசா. கடலுக்குப் போகிற மனிதர், தோய்த்து மடித்த சேட்டும் செருப்புமாக, கோயிலுக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார். கையில் சுருட்டிய தாள் ஒன்று. எனக்கு வாய் சும்மா இருக்குமா.

"என்ன சம்பந்தி, பொம்பிளையின்ட மனம் மாறிப்போச்சோ? நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ, அவன் குறட்டை விடுறவன் எண்டு."

அவர் சிரிக்கவில்லை. ஈரச் சீமெந்தில் மிதித்துவிடாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தாளை நீட்டினார்.

"இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ சம்பந்தி. மருமகன் போனுக்கு அனுப்பினவர், நான் கொமினிகேஷன் கடையில குடுத்துப் பிரிண்ட் அடிச்சனான். பிழை இருக்காது. எண்டாலும் நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா மனசுக்கு ஆறுதல்."

விரித்தேன். தாளில் இருந்தது எங்கள் வீட்டு ஹோல். நீ தவழ்ந்த தரை. கறுப்பு மாபிளால் ஒரு டயமண்ட், மூலைகளை நிரப்ப வெள்ளை. எங்கள் வீட்டில் நுனிக்கு ஒன்று, அடுத்த வரிக்கு மூன்று, பிறகு ஐந்து, ஏழு, திரும்பக் குறைந்து ஐந்து, மூன்று, ஒன்று. பெரிய மனிதரான உனக்கு ஏழு போதவில்லை. ஒன்பது வரை அகட்டி இறக்கியிருந்தாய். ஒரு டயமண்டுக்குக் கறுப்பு நாற்பத்தொன்று, அதைச் சுற்றிப் பெட்டியை நிரப்ப வெள்ளை நாற்பது. அப்படி நாலு டயமண்ட். கறுப்பு நூற்று அறுபத்து நாலு, வெள்ளை நூற்று அறுபது, உடைவுக்கென்று மேலதிகமாக இருபது. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன், ஒரு சதுரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழே உன் கையெழுத்து, கட்டடக் கம்பனியில் போடுகிற மாதிரி வளைத்துப் போட்டிருந்தாய். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. முன்சுவரை நாலு அடி தள்ளிக் கட்டினால் நாலு டயமண்டும் வெட்டுப்படாமல் முழுசாக வருமாம்.

அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். அந்த மனிதர் தன் மகளுக்குக் கட்டிய ஹோல் பதினெட்டு அடிக்குப் பதினாலு. உன் படத்துக்கு வேண்டியது பதினெட்டுக்குப் பதினெட்டு. சுவர் எழும்பி, பூசி, கூரை மரமும் ஏறிவிட்டது. மகன், வீட்டின் அளவுக்குத் தக்கபடி கோலத்தை வெட்டுவதுதான் என் தொழில். கோலத்தின் அளவுக்குத் தக்கபடி வீட்டை வெட்டச் சொன்னவனை நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை. கடைசியில் பார்த்தால் அவன் என் வீட்டிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறான்.

"கணக்குச் சரியோ சம்பந்தி?"

"கணக்குச் சரி. கணக்குப் போட்டவனில தான் ஏதோ பிழை. சுவரை இடிச்சு, கூரையை இழுத்து, மாபிளும் வாங்கி... என்ன செய்யப் போறீங்கள்?"

"வள்ளத்து எஞ்சினைக் குடுக்கிறன். நிலாவெளி ஆள் ஒராள் கன நாளா விலைக்குக் கேட்டவர். வெள்ளிக்கிழமை விடிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில வந்து ஏத்திக்கொண்டு போவார்."

"அப்ப வள்ளம்?"

"வள்ளம் கரையில கிடக்கும். நான் தம்பியின்ட வள்ளத்தில பங்குக்குப் போவன். எனக்கென்ன சம்பந்தி, நான் இனி எத்தினை நாளைக்கு. அவையள் வாழுற வீடெல்லோ."

இனி எத்தனை நாளைக்கு என்று சொல்கிற அந்த ஆளுக்கு என் வயது. ஐம்பத்திரண்டு. போன மாதம்தான் உன் முன்னால் ஒரு கையால் அந்த எஞ்சினைத் தூக்கித் தோளில் வைத்தவர். அதைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாய், நான் வாய்க்குள்ள ஈ, இலையான் போகப்போகுது என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தோம். அந்த எஞ்சின்தான்.

நான் கையைக் கழுவிவிட்டு எழும்பி நின்றேன். "சம்பந்தி, மாபிள் வேண்டாம். மாப்பிள்ளையின்ட தகப்பன் நான் சொல்லுறன். சுவரில கை வையாதேங்கோ, சீமெந்துத் தரை போதும்" என்றேன். அவர் தாளைத் திரும்பச் சுருட்டி ரப்பர் வளையத்தைப் போட்டார். மெல்ல, பொறுமையாகப் போட்டார்.

"நீங்கள் சொல்லுவீங்கள் சம்பந்தி. நீங்கள் பகிடிக்கார மனுசன், நாளைக்கு வேற சொல்லுவீங்கள். இது மருமகன் வாயால வந்தது. நான் செய்யாமல் விட்டா, நாளைக்கு என்ர பிள்ளை ஒரு கோப்பையை உடைச்சாலும் இந்த டயமண்ட் தான் கதையில வரும். அவர் வாயால வந்தது அவர் வாயால தான் போகவேணும்."

பார்த்தாயா. ஊரில் என் பேச்சுக்கு இருக்கிற மதிப்பு அவ்வளவுதான். அதற்காகத்தான் நேற்று உனக்குப் போன் எடுத்தேன். நீ வைப்பதற்கு முன் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நான் ஒண்டும் கேக்கேல்லை அப்பா. விருப்பத்தைத் தான் சொன்னனான். மாமா தான் ஓமெண்டவர்." அந்த வசனத்துக்குத்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சுவரைத் தள்ளச் சொன்னதைக்கூட ஒரு மடையனின் வேலை என்று விட்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் ஏறுகிறவன். கலியாணம் முடியும் வரைக்கும் அவனுக்கு விருப்பம் என்று ஒன்று கிடையாது, மகன். அவன் வாயைத் திறந்தால் அது உத்தரவு. நீ எங்கே போனாலும் உன் விருப்பத்துக்கு எவனும் எஞ்சினைக் கழற்றமாட்டான், அந்த ஒரு வாசலைத் தவிர. அங்கே நின்று நீ விருப்பத்தைச் சொல்லியிருக்கிறாய், கையெழுத்தும் போட்டு.

இனிச் சொல்லப்போவதை எழுத மூன்று தாள் கிழித்தேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு, "எழுதுங்கோ, இல்லாட்டி நான் எழுதுவன்" என்றாள். அவள் எழுதினால் எனக்கு இன்னும் மோசமாக இருக்கும்.

அந்த வசனம் உன்னுடையது இல்லை. அது என்னுடையது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன், இதே மாதிரிக் கடலுக்குப் போகிற உன் அம்மப்பாவின் முன்னால் இருந்து, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, நான் சொன்னது: "நான் ஒண்டும் கேக்கேல்லை மாமா, விருப்பத்தைத் தான் சொன்னனான்." அப்போது நான் மாபிள் வேலைக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஆனால் என்னை நானே பாஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த வீட்டை, அதாவது உன் அம்மாவின் வீட்டை, அவர் கட்டி முடித்து, சீமெந்துத் தரை போடப் போகிற நேரத்தில் நான் வந்து நின்றேன். ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத மாதிரிக் கறுப்பு டயமண்ட் போட்ட ஹோல் வேண்டும், பதிக்கிற வேலை என்னுடையது, மாபிளை மட்டும் நீங்கள் இறக்கித் தாருங்கள் என்றேன். கூலியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேனாம். எவ்வளவு பெரிய மனம் பார்.

எத்தனை வேண்டும் என்று அவர் கேட்டார். நான் ஒரு சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஹோல் இருபத்தொரு அடிக்குப் பதினாலு, ஒரு அடி மாபிள், ஆக மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்று நாலு. அது சரி. ஏழுக்கு ஏழு பெட்டியாகப் பிரித்தால் ஆறு பெட்டி, பெட்டிக்கு ஒரு டயமண்ட். அதுவும் சரி. ஒரு டயமண்டுக்குக் கறுப்பு எத்தனை? சரிவான பக்கத்தில் எண்ணினால் நாலு வருகிறது. நாலு பக்கமும் நாலு. சதுரம் என்றால் பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கு என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லித் தந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கணக்கு. நாலு நாலு பதினாறு. ஆறு டயமண்டுக்குத் தொண்ணூற்றாறு. மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வெள்ளை. ஒரு தாளில் வரி வரியாகக் கீறி எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம். பாஸ் கீறிப் பார்ப்பாரா? மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணுவாரா? கூட்டினால் மொத்தம் சரியாக வந்தது, அதனால் கடையிலும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

சண்டை நடந்த அந்தக் காலத்தில் மாபிள் கொழும்பில் இருந்து வரவேண்டும். கண்டி றோட்டில் எத்தனை இடத்தில் லொறியை நிற்பாட்டி, பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்து, திரும்ப ஏற்றி அனுப்புவார்கள் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வந்து சேர்ந்ததே பெரிய காரியம். அம்மப்பா ஒவ்வொரு பெட்டியாகத் தானே எண்ணி இறக்கினார். நான் பதிக்கத் தொடங்கினேன். முதல் டயமண்ட் முடிந்தபோது கறுப்புக் குவியல் நினைத்ததைவிட அதிகமாக இறங்கியிருந்தது. எண்ணவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து வைத்தாயிற்று, திரும்பிக் கையை நீட்டினேன், பெட்டி வெறுமை. நாலாவது டயமண்டுக்கே இன்னும் நாலு வேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் வெறும் மண். கலியாணத்துக்குப் பதினெட்டு நாள்.

அப்போது எனக்கு வழி இருந்தது. மூன்று டயமண்டோடு நிறுத்தி, மற்றப் பாதியை வெள்ளையாலும் சீமெந்தாலும் முடித்திருக்கலாம். என் கணக்குப் பிழைத்துப்போச்சு மாமா என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாமா, கடைக்காரன் கறுப்பைக் குறைச்சு அனுப்பிப்போட்டான்." நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "அப்பிடியோ தம்பி" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் அவருடைய எஞ்சின் வள்ளத்தில் இல்லை. ஒரு கிழமைக்குள் ஐம்பத்து நாலு கறுப்பு மாபிள் வந்து இறங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்காத ஆள்தானே, விருப்பத்தை மட்டும் சொல்லுகிறவன்.

அந்த மனிதர் அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் இன்னொருவருடைய வள்ளத்தில்தான் போனார். சொந்த வள்ளம் கரையில் கிடந்து, முதலில் கோழி அடைய, பிறகு விறகு வைக்க, பிறகு விறகாகவே போய்விட்டது. இரண்டாவது தடவை வந்த கறுப்பு வேறு சூளை, கொஞ்சம் மண் நிறம் அடிக்கும். போன முறை வந்தபோதும் நீ அந்தத் தரையில்தான் பாய் போட்டுப் படுத்தாய். எழும்பியதும் குனிந்து பார்த்திருந்தால் திரும்பவும் தெரிந்திருக்கும்: நாலாவது டயமண்டின் கடைசி இரண்டு வரி, மூன்றும் ஒன்றும், அதில் இருந்து நிறம் மாறுகிறது. சின்ன வயதில் நீ கேட்டாய், ஏன் அப்பா இந்தப் பக்கம் வேறு கறுப்பு என்று. வெயில் பட்டு வெளிறியது என்றேன். ஹோலுக்குள் என்ன வெயில்? எஞ்சின் போன இடம் அது.

வெள்ளை என்ன ஆனது என்று கணக்காளர் நீ கேட்பாய். கறுப்பு ஐம்பத்து நாலு குறைந்தால் வெள்ளை ஐம்பத்து நாலு மிஞ்சும். கலியாணம் முடிந்த மாதம், சும்மா கிடந்த அந்த வெள்ளையைக் கிணற்றடியில் பதிப்போம் என்று அம்மப்பா சொன்னார். நான் பதிக்க அவர் சீமெந்து குழைத்தார். ஒன்பதுக்கு ஆறு, அளவெடுத்த மாதிரி வந்தது. கடைசி மாபிளை என் கையில் தரும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"கடைக்காரன் நல்ல மனுசன் தம்பி. கறுப்பில ஐம்பத்து நாலைக் குறைச்சவன், வெள்ளையில ஐம்பத்து நாலைக் கூட்டியெல்லோ தந்திருக்கிறான். இப்பிடி ஒரு நேர்மையான கள்ளனை நான் கண்டதில்லை."

அவ்வளவுதான். எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு போனார். லொறியில் இருந்து பெட்டி இறக்கி எண்ணியவர் அவர் அல்லவா. எஞ்சினைக் கொடுக்கும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, மருமகன் பொய்யன் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தக் கதையை எடுக்கவில்லை. அவர் ஏசியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

நீ அந்த வெள்ளையின் மேல் நின்றுதான் குளித்து வளர்ந்தாய். ஊரில் எல்லோருக்கும் கல்லுக் கிணற்றடி, எங்களுக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை என்று கேட்பாய். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதை சொல்வேன். உன் ஊத்தை எவ்வளவு என்று பார்க்கத்தான் என்பேன். நீ சிரிப்பாய். உன் அம்மா சிரிக்கமாட்டாள். எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தால் அவள் கத்துவதில்லை, ஏசுவதில்லை. "ஐம்பத்து நாலு" என்று ஒரு சொல் சொல்வாள், நான் வாயை மூடிக்கொண்டு வெளியே போவேன். அது ஏதோ பெரிய தூசணம் என்று நினைத்து நீ பள்ளிக்கூடத்தில் ஒரு பொடியனுக்கு "போடா ஐம்பத்து நாலு" என்று சொல்லி, அவன் அழுது, ரீச்சர் என்னைக் கூப்பிட்டு அதற்கு அர்த்தம் கேட்டது உனக்கு மறந்திருக்காது. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன் அந்தக் கதையை. அர்த்தத்தை மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உனக்கு நான் சொல்லவில்லை. உனக்கு எட்டு வயது. மழை, வெளியே போக ஏலாது. ஹோலில் வயிறு பட நீட்டிப் படுத்துக்கொண்டு சோக்குக் கட்டியால் கறுப்பு மாபிளில் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்துக்கொண்டு இருந்தாய். நான் ஏசப் போனேன். நீ தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்: "அப்பா, இதைச் சரிச்சுப் பாருங்கோ. கறுப்புக்குள்ள ரெண்டு சதுரம் இருக்கு. புள்ளி வைச்சது நாலு நாலு பதினாறு. புள்ளி வைக்காதது மூண்டு மூண்டு ஒன்பது. இருபத்தஞ்சு." நான் போய்க் கிணற்றடியில் நின்றேன், மழையில். ஒரு மனிதனுடைய கடல் தொழிலைத் தின்ற அந்த ஒன்பதை, ஒரு எட்டு வயதுப் பிள்ளை வயிற்றில் படுத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டது. அன்றைக்கு முடிவெடுத்தேன், இவனைக் கணக்குப் படிப்பிக்க வேண்டும், இவன் கணக்கால் ஒருவனும் எதையும் இழக்கக்கூடாது என்று. நீ படித்தாய். சதுரம் எண்ணுகிறதே உத்தியோகமாகப் போனாய். உன் கணக்கு இன்றுவரை பிழைத்ததில்லை. பிழைக்காத அந்தக் கணக்கும் கடைசியில் ஒரு எஞ்சினைத் தேடிப் போய் நிற்கிறது. அப்படியென்றால் என் பிழை அந்த ஒன்பதில் இல்லை. இருபத்தைந்து என்று சரியாகச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் எதையோ கழற்றித்தான் கொடுத்திருப்பார், ஒரு தடவையில் கொடுத்திருப்பார். இது எனக்குப் போன சனிக்கிழமை, அந்தக் குளியலறைக்குள் நிற்கும்போதுதான் விளங்கியது. ஐம்பத்திரண்டு வயதில். அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் உன்மேல் கொட்டுகிறேன், தாங்கிக்கொள்.

இனிக் கேள். வியாழன் பின்னேரத்துக்கு முன் தவராசா மாமாவுக்குப் போன் எடு. அவர் மகள் தர்சினியிடம் சொல்லிவிடச் சொல்லாதே, அந்தப் பிள்ளையை இதற்குள் இழுக்காதே. அப்பா ஏசினார் என்று சொல்லாதே, அவர் நம்பமாட்டார். யோசித்துப் பார்த்தேன், எனக்கு அந்த டயமண்ட் இப்போது பிடிக்கவில்லை என்றும் சொல்லாதே. இன்னொன்று பிடிக்குமோ என்று அந்த மனிதர் அதற்கும் ஓடுவார். நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "மாமா, நான் போட்ட கணக்குப் பிழைச்சுப்போச்சு. சுவரைத் தள்ள வேண்டாம், மாபிளும் வேண்டாம். அப்பா வந்து சீமெந்துத் தரை போட்டுத் தருவார்."

உனக்கு உடம்பெல்லாம் எரியும் என்று தெரியும். என் கணக்கு எங்கே பிழைத்தது என்று கேட்பாய். பிழைக்கவில்லை, மகன். ஒரு சதுரம்கூடப் பிழைக்கவில்லை. நான் பிழைத்த கணக்கை ஒரு பாவமும் செய்யாத கடைக்காரனின் தலையில் போட்டேன். நீ பிழைக்காத கணக்கை உன் தலையில் போட்டுக்கொள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் கணக்கு நேராகும்.

தரை என் பொறுப்பு. சிவப்புச் சீமெந்து தேய்த்து, காய்வதற்கு முன் நூல் அடித்துக் கோடு கீறித் தருகிறேன். தூரத்தில் நின்று பார்த்தால் மாபிள் மாதிரியே இருக்கும். பதினெட்டுக்குப் பதினாலு, இருநூற்று ஐம்பத்திரண்டு சதுரம். இந்தத் தடவை கீறி, விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். சுவர் நிற்கிற இடத்தில் நிற்கட்டும்.

வெள்ளிக்கிழமை விடிய நான் சல்லிக் கரையில் நிற்பேன். அந்த எஞ்சின் வள்ளத்தில் ஏறுகிறதா, லான்ட்மாஸ்ரரில் ஏறுகிறதா என்று என் கண்ணால் பார்ப்பேன். வள்ளத்தில் ஏறினால் அன்றைக்கே சீமெந்து குழைப்பேன். லான்ட்மாஸ்ரரில் ஏறினாலும் உன் கலியாணத்துக்கு வருவேன், வராமல் இருக்க ஏலாது. ஆனால் அந்த வீட்டுத் தரையில் கால் வைக்கமாட்டேன். சாப்பாட்டை வாசல் மண்ணில் நின்று சாப்பிடுவேன், பேரப்பிள்ளை பிறந்தாலும் வாசலில் நின்று வாங்கித் தூக்குவேன்.

இதைத்தான் இப்போது உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் கையோடு நின்று முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

அப்பா